சின்னதுரைக்கு எத்தனை மார்க்?

நான் என்ன வேலை பார்த்தேன் என்று தெரிந்துவிட்டால் போதும், சிதம்பரத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். பல் பிடுங்கப் போனேன். வாயில் பஞ்சை அடைத்துவிட்டு டாக்டர் கேட்கிறார்: “சார், கைக்கு அடக்கமான விலையில எந்த ஸ்காட்ச் நல்லாருக்கும்?” வாயில் பஞ்சோடு எப்படிப் பதில் சொல்வது? முடி வெட்டுகிறவர், மாடி வீட்டுக்காரர், மாடி வீட்டுக்காரரின் மைத்துனர் என்று இந்த மாதத்தில் மட்டும் ஏழு பேர் கேட்டாயிற்று. எண்ணிக்கொண்டுதான் வருகிறேன்.

எட்டாவதாகக் கேட்டது கவிதா. கடலூரை ஒட்டிய எங்கள் பழைய ஆலையில் இப்போது ருசி அறைக்குத் தலைவி. கேள்வி வேறு மாதிரி இருந்தது. இதுவரை மார்க்கைத் தாளில் எழுதினார்களாம், இனிமேல் கையடக்கத் திரையில் வாசனைச் சொற்களைத் தொட்டால் போதுமாம்.

“சார், நம்ம பட்டியல்ல ‘மூட்டம்’னு ஒண்ணு இருக்கு, ‘பேட்டை’ன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டும் பொகதானே? சாஃப்ட்வேர்காரங்க ஒண்ண எடுத்துடலாம்ங்கறாங்க.”

“எடுக்காதம்மா!” என்று கத்தினேன். சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்துவிட்டாள்.

“ஏன் சார்?”

ஏன் என்று போனில் சொன்னால் பாதி காதில் விழாது. நானும் பதற்றத்தில் முன்னதைப் பின்னால் சொல்லிவிடுவேன். “எழுதியே குடுத்துடுங்க சார், புதுசா வந்தவங்களும் படிக்கட்டும்” என்றார் கவிதா. எழுதுகிறேன். எழுதி முடிப்பதற்குள் அவசரப்பட்டு எடுத்துவிடப் போகிறார்களே என்று இரண்டு முறை போன் செய்து பார்த்தேன். இன்னும் எடுக்கவில்லை.

வெளியாருக்காக ஒரு விஷயம். எங்கள் ஆலையில் ஸ்காட்ச் காய்ச்சுவதில்லை. ஸ்காட்லாந்தில் பல விஸ்கிகளைக் கலந்து, ஆல்கஹாலின் காரம் குறைக்காமல், பெரிய கொள்கலனில் கப்பலேற்றி விடுவார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து அது லாரியில் வரும். நாங்கள் உப்புச் சத்து நீக்கிய தண்ணீர் சேர்த்துக் காரத்தை அளவுக்குக் கொண்டுவந்து பாட்டிலில் அடைப்போம். இரண்டு வகை வந்தன. விலை உயர்ந்ததற்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் பெரியதுரை. சாதாரண சம்பளக்காரர்கள் தீபாவளிக்கு ஒன்று வாங்கலாம் என்கிற விலையில் இருந்தது சின்னதுரை. லேபிளில் இருந்த ஆங்கிலப் பெயரை ஆலைக்குள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் சிதம்பரத்தில் வேதியியல் படித்தவன். படித்து முடித்து ஆலையின் சோதனைச் சாலையில் அமிலம், காரம், எஸ்டர் என்று குடுவை குலுக்கிக்கொண்டிருந்தேன். ருசி அறைக்குப் போனது சாம்பாரால். ஒரு நாள் கேன்டீனில் லூர்துமேரி மேடம் ஒவ்வொரு மேசையாக வந்து, “இன்னிக்கு சாம்பார்ல என்னா தப்பு?” என்று கேட்டார். உப்பு என்றார் ஒருவர். புளி என்றார் இன்னொருவர். “பெருங்காயத்த ரெண்டு தடவை போட்டுட்டாங்க மேடம். மொதல்ல போட்டது வெந்துருக்கு, ரெண்டாவது பச்சையா நிக்குது” என்றேன். மேடம் என் பவுடர் பூசிய முகத்தைப் பார்த்தார். “திங்கக்கெழம பவுடர் போடாம வாங்க” என்றார். அதுதான் பதவி உயர்வு.

மேடத்துக்குச் சொந்த ஊர் கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரம். ஆலையில் பழைய அட்டைப்பெட்டி போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் கேட்டு வாங்கி, சுண்ணாம்பு அடித்து, ஆறு மாதம் வாசனை போகக் காயவிட்டு, ருசி அறையாக ஆக்கியவர். அந்த ஆறு மாதமும் தினம் ஒருமுறை உள்ளே போய் நின்று மூச்சிழுத்துவிட்டு, “இன்னும் இல்ல” என்று கதவைப் பூட்டுவாராம். பூ வைக்க மாட்டார். தலைக்கு எண்ணெய் கிடையாது. எங்களுக்கும் அதே சட்டம்தான். பவுடர் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, காலை ஏழு மணிக்கு மேல் பற்பசை கூடாது. எனக்கு நெற்றியில் திருநீறு வேண்டும். மேடம் அதை முகர்ந்து பார்த்து, மணம் கலக்காத திருநீறுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்.

வாசலில் நின்று எங்களை முகர்ந்துதான் உள்ளே விடுவார். “தர்மலிங்கம், காலையில வடகறியா? போய் மோர் குடிச்சிட்டு அரமணி நேரம் கழிச்சி வாங்க.” “சபாநாயகம், பஸ்ஸுல பின் சீட்டுல டீசல் பொகயில ஒக்காந்தீங்களா?” உட்கார்ந்திருப்பேன். அடுத்த நாளிலிருந்து முன் சீட்டுக்காக இருபது நிமிஷம் முன்னால் போய் நிற்பேன். இன்றுவரை அந்தப் பழக்கம் விடவில்லை, கோயிலுக்குப் போனாலும் சாம்பிராணிக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

தர்மலிங்கம் யார் என்று சொல்லவேண்டும். குடிகாட்டுக்காரர், டிப்ளமா படித்தவர், கலவைக் கூடத்துப் பொறுப்பாளர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். தன் மூக்கைப் பற்றி அவருக்கே பெரிய அபிப்பிராயம். என்னை மாமா என்று கூப்பிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, “பொண்ணு குடுக்காத மாமா” என்பார். எனக்குப் பெண்ணே கிடையாது.

மேடம், நான், தர்மலிங்கம் ஆகிய மூவரும் விஸ்கிக்கு. தண்ணீருக்கு நசீர். பரங்கிப்பேட்டைக்காரர், முட்லூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்காருவார். ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஆனால் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நாங்கள் சேர்க்கிற தண்ணீர், அது அவர் பொறுப்பு. “நான் தண்ணி டிபார்ட்மென்ட் மச்சான். ஒங்க தண்ணி வேற, என் தண்ணி வேற” என்பார். நாங்களும் குடிக்கிறவர்கள் இல்லை, துப்புகிறவர்கள். வடலூரில் பெண் பார்க்கப் போனபோது மாமனார், “மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?” என்றார். வள்ளலார் வழியில் நிற்கிற குடும்பம். என் அப்பா கலங்காமல், “வாயில வெச்சுத் துப்புற உத்தியோகம்” என்றார். மருந்துக் கம்பெனி என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

இனி முறை. கண்ணாடிக் குவளை நீல நிறமாக இருக்கும். விஸ்கியின் நிறம் தெரிந்தால் மனம் ஏமாறும். நிறத்துக்காகச் சேர்க்கிற கருகல் சர்க்கரை எந்தப் பிஞ்சு விஸ்கியையும் கிழவனாக்கிக் காட்டும். சம அளவு தண்ணீர் ஊற்றிக் காரத்தைப் பாதியாக்கி, மேலே கண்ணாடித் தட்டு மூடி, கால் மணி நேரம் விடவேண்டும். மின்விசிறி கிடையாது. மூடியை நகர்த்தி முதல் மூச்சைச் சின்னதாக எடுக்கவேண்டும். ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். இரண்டாவது மூச்சுக்கு முன் சொந்த முழங்கையின் உட்பக்கத்தை முகரவேண்டும். நம் வாசனை நமக்குத் தெரியாது, அதனால் மூக்கு துடைத்த பலகை மாதிரி ஆகிவிடும். வெளியாள் யாராவது அந்த நேரத்தில் எட்டிப் பார்த்தால், மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து தங்கள் கையைத் தாங்களே முகர்ந்துகொண்டிருப்பது தெரியும்.

பிறகு ஒரு வாய். நாக்கின் மேல் உருட்டி, பத்து எண்ணி, துப்பி, அடித்தொண்டையில் என்ன மிச்சம் நிற்கிறது என்று காத்திருக்கவேண்டும். தாளில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில், ஒப்பிட வைத்திருக்கும் மூல மாதிரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது. இரண்டாவதில், குறை ஏதாவது உண்டா, உண்டென்றால் என்ன வாடை. மூன்றாவதில் பத்துக்கு எத்தனை மார்க்.

சொற்களுக்கும் மேடம் சட்டம் வைத்திருந்தார். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நான் ஒரு முறை ‘ஹெதர் பூ’ என்று எழுதிவிட்டேன்.

“சபாநாயகம், நீங்க ஹெதர் பூவ எங்க மோந்து பாத்தீங்க? திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுலயா?”

“புத்தகத்துல மேடம்.”

“அப்ப மார்க்கையும் புத்தகத்தையே போடச் சொல்லுங்க.”

அதிலிருந்து நாங்கள் மோந்ததை மட்டும் எழுதினோம். சின்னதுரை எப்படியிருக்கும்? மூடியைத் திறந்ததும் மலைவாழைப்பழத் தோல். அடுத்து தேங்காய்ப் பத்தை, அமெரிக்க ஓக் பீப்பாயில் இருந்த எதற்கும் அது வரும். வாயில் இளம் வெல்லப்பாகு, பக்கத்தில் புதுக் கோரைப்பாய். நடுவில் கொஞ்சம் ஆள் இல்லாத மாதிரி வெறுமை, அது மலிவு விஸ்கியின் பிறவிக் குணம். முடிவு குட்டையானது. கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு சின்னக் காறல், வயது போதாததால். இருந்தாலும் பொய் இல்லாத பிள்ளை. எங்கள் மார்க் வழக்கமாக ஆறு, நல்ல நாளில் ஏழு.

“வெல கம்மின்னா மார்க்கும் கம்மியா மேடம்?” என்று ஒரு நாள் தர்மலிங்கம் கேட்டார்.

“வெலய கடைக்காரர் பாத்துக்குவார். இது என்னா சொல்லுது, சொன்னத செய்யுதான்னு மட்டும் பாருங்க” என்றார் மேடம். இவ்வளவு வருஷத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு மதிப்பிடச் சொல்லிக்கொடுத்ததில்லை. பெரியதுரை நிறைய சொல்லும், சில நாள் செய்யாது. அன்றைக்கு அதற்கு ஐந்து போட்டிருக்கிறோம்.

இப்போது கவிதா கேட்ட விஷயம்.

ஒரு மழைக்காலத்தில் சின்னதுரையின் புதுச் சரக்கு வந்தது. தொட்டியில் இறக்கி, தண்ணீர் சேர்த்து, மாதிரி எடுத்து மேசைக்கு வந்தாயிற்று. தர்மலிங்கம் மூடியை நகர்த்தினார், உடனே திருப்பி மூடினார். குவளையை ஒரு சாண் தள்ளி வைத்தார்.

“பேட்டை” என்றார்.

பேச்சே கூடாத இடம் அது. ஆனால் மேடம் திட்டவில்லை, அவரும் மூடியைத் திறந்துவிட்டார். குடிகாட்டுக்குப் பக்கத்தில் ரசாயனத் தொழிற்பேட்டை இருக்கிறது. ரசாயன வாடை எது வந்தாலும் எங்கள் பட்டியலில் அதற்குப் பெயர் பேட்டை. தர்மலிங்கத்துக்குப் பிறந்ததிலிருந்து பழகிய சொல். காற்று திரும்பினால் அவர் வீட்டில் முதலில் ஜன்னலைச் சாத்துவார்கள், பிறகுதான் பேச்சு. நான் முகர்ந்தேன். ஆஸ்பத்திரி வராந்தா, அயோடின், தார் எல்லாம் வந்தன. படித்த படிப்பு உடனே காதில் சொன்னது, பீனால் என்று. மூன்று பேரும் தனித்தனியாக எழுதினோம். குறை: பேட்டை. மார்க்: தர்மலிங்கம் மூன்று, நான் நான்கு, மேடம் நான்கு.

மேடம் தொட்டியைப் பூட்டச் சொல்லிவிட்டார். பாட்டில் வரிசை நின்றது.

முதல் சந்தேகம் தண்ணீர்மேல். நசீரிடம் நான்தான் போனேன்.

“என் தண்ணியிலயா? யோசிச்சுப் பேசு மச்சான்.”

“நான் சொல்லல நசீர். மூக்கு சொல்லுது.”

“ஒன் மூக்கு காலையில டீசல் குடிச்ச மூக்கு. அத சாட்சிக்குக் கூப்புடாத.”

அப்படிச் சொன்னாரே தவிர, அன்று முழுக்க ஒவ்வொரு குழாயாகத் திறந்து, வெதுவெதுப்பாக்கி, வாயில் வைத்துப் பார்த்தார். மாலையில் வந்து, “அல்ஹம்துலில்லாஹ், தண்ணி தண்ணியாத்தான் இருக்கு. கோளாறு ஒங்க தண்ணியிலதான்” என்றார். அவர் சொன்னது சரி. கொள்கலனின் முத்திரையை உடைக்கும்போது எடுத்து வைத்த மாதிரியை முகர்ந்தோம். தண்ணீரே படாத அதிலும் அதே வாடை. ஆக, கடல் தாண்டும்போதே கெட்டு வந்திருக்கிறது என்று முடிவு கட்டினோம். பம்பாய்த் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போயிற்று.

பதில் வந்தது போனில். ஆலை மேலாளர் ருசி அறை வாசலில் வந்து நின்றார். சென்ட் போட்டிருந்ததால் மேடம் அவரை உள்ளே விடவில்லை.

“மேடம், ஸ்காட்லாந்துலேர்ந்து ஆள் வர்றார். கெட்டுப்போன சரக்கா இருந்தா தப்பிச்சோம். நல்ல சரக்க கெட்டதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இந்த ரூமே வேணாங்கறாங்க. சாம்பிளெல்லாம் பெங்களூருக்குப் போயிடும். ஒங்களையும் அங்க வரச் சொல்வாங்க, இல்லன்னா...”

“இல்லன்னா வீட்டுக்கு. தெரியுது. அதுவரைக்கும் தொட்டி தொறக்காது.”

மேடத்தால் பெங்களூர் போக முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கணவர் கடலூர் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். பெங்களூரில் ஏது கடல்? தர்மலிங்கம் கலவைக் கூடத்துக்கும் நான் குடுவைக்கும் திரும்பவேண்டும். மூன்றாம் நாள், லேபிள் ஒட்டும் பெண்களை மறு தகவல் வரும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகிற வழியில் ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே நின்று, “மேடம், அத எப்ப நல்லாருக்குன்னு சொல்வீங்க?” என்று கேட்டாள். மேடம், “நல்லாருந்தா சொல்றேன்மா” என்றார்.

வந்தவர் பெயர் கிரெய்க். ஒல்லியாக, காது வரை சிவந்து, கடலூர்ப் புழுக்கத்தில் பாதி வெந்து வந்து சேர்ந்தார். குவளையை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு சிரித்துவிட்டார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: இந்த வருஷத்திலிருந்து சின்னதுரையில் கொஞ்சம் புகைவாசனையுள்ள மால்ட் விஸ்கி சேர்க்கிறோம். இளவட்டங்கள் அதைத்தான் கேட்கிறார்கள். பம்பாய்க்குச் சொல்லியிருந்தோமே, உங்களுக்குச் சொல்லவில்லையா?

யாரும் சொல்லவில்லை.

பையிலிருந்து கருப்பாக ஒரு கட்டியை எடுத்தார். அவர்கள் ஊரில் சதுப்பு நிலத்தில் காலங்காலமாக மக்கிய மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து எரிக்கிறார்களாம். அந்தப் புகையில் பார்லியை உலர்த்தினால் இந்த வாசனை.

“மண்ணக் கொளுத்துறாங்களா? ஏன் மாமா, வெறகு கெடைக்கலியா?” என்றார் தர்மலிங்கம் என் காதில்.

“மண்ணு இல்லய்யா. நெய்வேலிக் கரிக்குத் தம்பி முறை. மண்ணுக்குள்ள இன்னும் ரொம்ப காலம் இருந்திருந்தா கரியாயிருக்கும்.”

எல்லோரும் வெளியே கொட்டகைக்குப் போனோம். கிரெய்க் ஓர் இரும்புத் தட்டில் அதைக் கொளுத்தினார். தீ பிடிக்கவில்லை, புகைந்தது. முதலில் அதே ஆஸ்பத்திரி. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அதற்குப் பின்னால் வேறொன்று வந்தது. மாட்டுக் கொட்டிலில் கொசுவுக்காக ஈர வைக்கோலும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவோமே, அது. அதன் அடியில் லேசாக ஒரு தித்திப்பு. மேடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“மூட்டம்” என்றார் மெதுவாக.

எங்கள் தப்பு அப்போதுதான் புரிந்தது. பீனால் வாடை இரண்டு வழியில் வரும். அசுத்தத்தில் வந்தால் அது மூக்கின் உச்சியில் ஒற்றையாக நிற்கும், தண்ணீர் ஊற்றினாலும் இறங்காது, பின்னால் எதுவும் வராது. புகையில் வந்தால் தனியாக வராது. தித்திப்பு, சாம்பல், ஈரமண் எல்லாம் கூட வரும், தண்ணீர் ஊற்றினால் பிரிந்து காட்டும். ஸ்காட்லாந்தில் இருப்பவனுக்கு முதலில் புகை ஞாபகம் வரும். எங்களுக்குக் குடிகாடுதான் ஞாபகம் வந்தது. மூக்கு சரியாகத்தான் சொன்னது. எங்களிடம் அதற்கு இருந்தது ஒரே சொல், அந்தச் சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் முகர்வதை நிறுத்திவிட்டோம்.

மேலாளர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “அப்ப சரக்கு நல்ல சரக்குதான். இவங்க தப்பா சொல்லிட்டாங்க” என்றார் கிரெய்க்கிடம்.

கிரெய்க் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. புகையைக் குறை என்று சொன்னது தப்பு. ஆனால் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தது தப்பா? பம்பாயில் யாருக்கும் தெரியவில்லையே. நாளைக் காலை ஒரு சோதனை வைக்கிறேன், அதற்குப் பிறகு பம்பாய்க்குச் சொல்கிறேன் என்றார்.

அன்று மாலை மேடம் எங்களைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு மார்க் போடச் சொல்வார். தொர வந்து சொல்லிட்டார்ன்னு மார்க்க ஏத்துனா, மொதல்ல நானே ஒங்கள வெளிய அனுப்புவேன். சொன்ன சொல்ல மாத்தக்கூடாதுன்னு வீம்புக்குக் கொறச்சாலும் அனுப்புவேன்.”

“அப்ப எவ்ளோதான் மேடம் போடறது?” தர்மலிங்கத்துக்கு முதல் முறையாகக் குரல் குறைந்திருந்தது.

“ஒங்களுக்கு அது புடிக்கலல்ல?”

“சத்தியமா புடிக்கல மேடம். மூட்டமோ என்னாவோ, அத மோந்தா எங்க வூட்டு ஜன்னல சாத்தணும்போல இருக்கு.”

“அப்ப புடிக்கலன்னு போடுங்க. குறைன்னு போடாதீங்க. அது வேற கட்டம்.”

பஸ்ஸில் நான் இதையே சொல்லிப் புலம்பிக்கொண்டு வந்தேன். எனக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்றே தெரியவில்லை. நசீர் முட்லூரில் இறங்கும்போது, “மச்சான், நாளைக்கு மொத சீட்டப் புடி. அது போதும்” என்றார்.

மறுநாள் கிரெய்க் திரைக்குப் பின்னால் நின்று ஊற்றினார். மேடமும் எங்களோடு பரீட்சைக்கு உட்கார்ந்தார். ஆளுக்குப் பன்னிரண்டு குவளை. விவரம் பின்னால்தான் தெரிந்தது. புகையில்லாதது, கொஞ்சம், அதைவிடக் கூட, மிக அதிகம் என்று நான்கு அளவு. ஒவ்வொன்றும் மூன்று தடவை, வரிசை மாற்றி. எங்களுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் பன்னிரண்டு நீலக் குவளைகள். முழங்கையை அன்றைக்கு முகர்ந்த அளவுக்கு நான் வேறு எந்த நாளும் முகர்ந்ததில்லை. தர்மலிங்கம் ஒவ்வொரு குவளையையும் ஏதோ பாம்புக் கூடையைத் திறக்கிற மாதிரி திறந்தார். மேடத்தின் பேனாச் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது.

தாள்களை வாங்கிக்கொண்டு கிரெய்க் ஜன்னலோரம் போனார். மேலாளர் குளித்து, சென்ட் இல்லாமல் வந்திருந்தார், அதனால் உள்ளே இருந்தார். தர்மலிங்கத்தின் தாளை எட்டிப் பார்த்தார். ஏழு, ஐந்து, மூன்று, இரண்டு. புகை கூடக் கூட மார்க் குறைந்துகொண்டே போயிருந்தது.

“என்னய்யா இது, அவர் சரக்குக்கு ரெண்டு போட்டு வெச்சிருக்கே?” என்று பல்லைக் கடித்தார்.

“பத்துக்கு ரெண்டு சார்” என்றார் தர்மலிங்கம், தெளிவாகச் சொல்லிவிடுவோம் என்று.

கிரெய்க் அந்தத் தாளைத்தான் நீண்ட நேரம் பார்த்தார். ஒரே அளவு புகையுள்ள மூன்று குவளைக்கும் தர்மலிங்கம் ஒரே மார்க் போட்டிருந்தார். நான்கு அளவிலும் அப்படியே. பன்னிரண்டில் ஒன்றுகூடப் பிசகவில்லை. மேடம் நேர் எதிர்ப்பக்கம் ஏறியிருந்தார், ஆறிலிருந்து எட்டுவரை. அதிலும் ஒரே ஒரு குவளைதான் அரை மார்க் தள்ளியிருந்தது. நான் நடுவில். கொஞ்சம் புகைக்கு ஏழு கொடுத்திருக்கிறேன், அதற்குமேல் இறங்கியிருக்கிறேன். மூன்று குவளையில் ஒரு மார்க் ஆட்டம், அது பரவாயில்லை என்றார் கிரெய்க். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, கொஞ்சம் மூட்டம் எனக்குப் பிடிக்கும் என்று. குறை என்ற கட்டத்தில் மூன்று பேருமே ஒன்றும் எழுதவில்லை.

கிரெய்க் சொன்னதை மேடம் தமிழில் சொன்னார். குரல் மாறாமல்தான் சொன்னார்.

“இவருக்குப் புடிக்கணும்னு நான் வரல. ஒரே சரக்குக்கு ஒரே மார்க் வருதான்னு பாக்க வந்தேன். இவர் ஏணிய தலகீழா வெச்சிருக்கார், ஆனா ஒரு படிகூட எடம் மாறல. இந்த மூக்கு எனக்கு வேணும். பொகயில ஒரு துளி கூடினாலும் மொதல்ல இவருக்குத்தான் தெரியும்.” தாள்களை வாங்கி அடுக்கினார். “ரூம் இங்கயே இருக்கட்டும்னு பம்பாய்க்குச் சொல்லிடறேங்கறார்.”

யாரும் கைதட்டவில்லை. ருசி அறையில் கைதட்டி எங்களுக்குப் பழக்கமில்லை. மேலாளர்தான் முதலில் நகர்ந்தார், தொட்டியைத் திறக்கச் சொல்ல. அன்றே மேடம் பட்டியலில் ஒரு சொல்லைக் கூட்டினார். மூட்டம் என்றால் புகை, குறையில்லை, மார்க் உங்கள் இஷ்டம். பேட்டை என்றால் அசுத்தம், வரிசையை நிறுத்து. ஒன்றை எடுத்துவிட்டால் இன்னொன்று இரண்டு வேலையும் பார்க்கும். அப்போது ஒரு நாள் நல்ல சரக்கு நிற்கும், இல்லையென்றால் கெட்ட சரக்கு ஓடும். இதுதான் கவிதாவுக்கு என் பதில்.

மறுநாள் லேபிள் ஒட்டும் பெண்கள் திரும்பி வந்தார்கள். கிரெய்க் புறப்படுவதற்கு முன் ருசி அறைக்கு வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். நசீரையும் கூப்பிட்டனுப்பி, உங்கள் தண்ணீர் எங்கள் ஊற்றுத் தண்ணீரைவிடச் சுத்தம் என்றார். நசீர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

தர்மலிங்கத்துக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. “மேடம், தொரகிட்ட ஒண்ணு கேக்கணும். அவுங்க ஊர்ல எல்லாருமே இத விரும்பித்தான் குடிக்கிறாங்களா?”

மேடம் கேட்டுச் சொன்னார். கிரெய்க் கழுத்தைச் சொறிந்துகொண்டார். தனக்கு உயிர், ஆனால் தன் மனைவி வீட்டுக்குள் பாட்டிலைத் திறக்கவிடுவதில்லை என்றார். திறந்தால் உடனே ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் குடியிருக்க முடியாது என்று சொல்வாராம். புகை அதிகமான பாட்டிலாக இருந்தால் தோட்டத்துக்கே அனுப்பிவிடுவாராம், மழை பெய்தாலும்.

தர்மலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“மேடம், அந்தம்மாவ நம்ம பேனல்ல சேத்துக்கலாம். எனக்குத் தொணைக்கு ஆள் வேணும்.”

மேடம் அதை வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். கிரெய்க் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், மேடமும் சிரித்தார். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் பக்கத்துக் கூடத்தில் பாட்டில் வரிசையின் பட்டை அசையும் சத்தமும், தொடர்ந்து பாட்டிலோடு பாட்டில் உரசி ஓடும் சத்தமும் கேட்க ஆரம்பித்தன.